கல்லும் கள்ளியும்

1983ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் பாதி நாட்களை ஓர் இரும்புச் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்தபடி கழித்தேன். எனக்கு அப்போது 11 வயது. அப்பா சர்வேயர். நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் பெரிய வேலை தமிழ்நாடு முழுக்க நடந்துகொண்டிருந்த காலம் அது. ஊரில் இன்றைக்கும் அதை 'யு.டி.ஆர்.' என்றுதான் சொல்கிறார்கள். தஞ்சைப் பக்கத்து வயல்கள் அறுவடை முடிந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். செயின்மேன் வராத நாட்களில், அம்மா வேண்டாம் என்று சொல்வதைக் காதில் வாங்காமல் அப்பா என்னை சைக்கிளின் முன்கம்பியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்.

துறை மெட்ரிக் அளவுக்கு மாறியிருந்தாலும், வயல்களின் அளவு வரைபடங்களான பழைய புலப்படங்களைச் சரிபார்க்க அப்பாவிடம் ஒரு கன்டர் சங்கிலி இருந்தது. 66 அடி நீளம், 100 கண்ணிகள். பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளை வில்லை தொங்கும். அதன் பற்களைத் தடவிப் பார்த்தே எத்தனையாவது பத்து என்று சொல்லிவிடலாம். இழுத்து இழுத்து அளக்கிற சங்கிலி காலப்போக்கில் நீளும். நீண்ட சங்கிலியால் அளந்தால் நிலம் கணக்கில் குறைந்துபோகும். அதனால் அப்பா அடிக்கடி அதை ஒரு கல்தளத்தில் நீட்டிப் போட்டு, செதுக்கிய இரண்டு குறிகளுக்கு நடுவே சரியாகப் பொருந்துகிறதா என்று பார்ப்பார். பொருந்தாவிட்டால் அன்றைக்கு வேலை கிடையாது. ஒரு குடும்பத்தின் ஒரு சாண் நிலம் தன் சங்கிலியால் போய்விடக்கூடாது என்கிற அச்சம் அவருக்கு எப்போதும் இருந்தது.

வெயிலில் இரும்பு நீளுவதும் அவருக்குக் கவலைதான். 1802இல் ஆங்கிலேயப் படை அதிகாரி வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே இந்தியாவின் மாபெரும் முக்கோண நில அளவைக்கு அடிப்படையான முதல் கோட்டை அளந்தபோது, எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, மேலே கூடாரம் போட்டு வெயில் படாமல் காத்தார்கள். ஏழரை மைலை அளக்க 57 நாட்கள் ஆயின. அதே லாம்டனின் அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவி 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து மோதி உடைந்தது. இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அப்பா, தன் கருவியே உடைந்ததுபோல் ஒரு கணம் நிறுத்துவார்.

ஒரு நாள் இரண்டு பங்காளிகளுக்கு இடையே வரப்புத் தகராறு. மூலைக்கல்லைக் காணோம். படத்தில் கல் இருக்கிறது, நிலத்தில் இல்லை. நீ பிடுங்கினாய், உன் அப்பன் பிடுங்கினான் என்று இருவரும் கத்திக்கொண்டிருந்தார்கள். அப்பா அவர்களை விட்டுவிட்டு, வாய்க்கால் கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு கிழவியிடம் போனார். ஐம்பது ஆண்டுகளாக அந்த வயல்களில் நடவு நட்டவர் அவர். "ஆயா, கல் எங்கே இருந்தது தெரியுமா?" என்று கேட்டார். அவர் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வரப்பில் இறங்கி நடந்தார். இருபது இருபத்தைந்து அடி போனதும் நின்று, குதிகாலால் மண்ணை அழுத்தினார். "இங்கே தோண்டுங்கள் ஐயா. நடவு நடும்போது இந்தக் கல்லில் இடித்துத்தான் என் கால் நகம் பெயர்ந்தது" என்றார். கடப்பாரை ஒரு முழம் இறங்கியதும் 'ணங்' என்றது.

அந்தச் சத்தம் என்னோடு தங்கிவிட்டது. பிறகு நான் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கப் போனேன். 28 ஆண்டுகள் பிள்ளைகளிடம் வரைபடத்தைக் கொடுத்து எல்லைக்கோட்டைக் கறுப்பு மையால் தடிப்பாக வரையச் சொல்லியிருக்கிறேன். அப்படி வரையும் தடித்த கோடு ஊர் ஊராகப் பல கிலோமீட்டர் அகலத்தை விழுங்கிவிடும். அந்தக் கோட்டுக்கு அடியில் வீடுகளும் கிணறுகளும் இருப்பதைப் பல ஆண்டுகள் நான் சொல்லித்தரவில்லை. அந்தக் குறைதான் இதை எழுத வைக்கிறது.

எல்லை என்ற சொல்லுக்குச் சங்கப் பாடல்களில் பகல் என்றும் பொருள் உண்டு. 'எல்லையும் இரவும்' என்றால் பகலும் இரவும். வெளிச்சம் எங்கே முடிகிறதோ அது எல்லை என்று நம் முன்னோர் நினைத்தார்களோ என்று தோன்றும். தஞ்சைப் பக்கம் நிலத்தை 'வேலி' கணக்கில் சொல்வார்கள். 20 மா ஒரு வேலி, ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். சுற்றி அடைப்பதற்கும் அடைபட்டதற்கும் ஒரே பெயர். ரோமானியர்கள் தங்கள் பேரரசின் எல்லைப்புறத்தை 'லிமெஸ்' என்றார்கள். அந்தச் சொல்லின் பழைய பொருள் இரண்டு வயல்களுக்கு நடுவே நடந்துபோகும் பாதை. நேராகச் சொன்னால், வரப்பு. பேரரசின் ஓரத்துக்குப் பெயர் வைக்கும்போது அவர்களுக்கும் உழவன் நடக்கிற இடம்தான் நினைவுக்கு வந்திருக்கிறது.

வரப்பு ஒரு கோடு கிடையாது, அதற்கு அகலம் உண்டு. அதன்மேல் நடக்கலாம், துவரையோ உளுந்தோ ஊன்றலாம், எதிரே வருகிறவருக்கு ஒதுங்கி வழிவிடலாம். அண்டை வயல்காரர்கள் இருவரும் சேர்ந்து அண்டை வெட்டி வரப்பைச் சீர்செய்யாவிட்டால் இருவர் வயலிலும் தண்ணீர் நிற்காது. மனித வரலாற்றில் பெரும்பாலான காலம் நாடுகளின் எல்லைப்புறங்கள் இப்படிப்பட்ட வரப்புகளாகவே இருந்தன என்பது என் எண்ணம். கோடு மிகப் பிந்தி வந்தது.

எல்லையை எப்படி நடந்து வகுத்தார்கள் என்பதை எங்கள் மாவட்டத்துச் செப்பேடு ஒன்று சொல்கிறது. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசர்கள் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளிக்கு முதலாம் இராசராசன் 1006ஆம் ஆண்டளவில் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். ஹாலந்துக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடு என்று பெயர் பெற்றது அது. 21 ஏடுகள். அரசனின் திருமுகம் வந்ததும் நாட்டார் எதிர்சென்று தொழுது, வாங்கித் தலைமேல் வைத்து, 'பிடி சூழ்ந்து பிடாகை நடந்து, கல்லும் கள்ளியும் நாட்டி'னார்கள் என்கிறது ஏடு. பிடாகை என்பது ஊரைச் சேர்ந்த சிற்றூர், பிடி என்பது பெண் யானை. அது முன்னே போக, நாட்டார் பின்னே நடந்து, ஊரைச் சுற்றி வந்து, அந்தத் தடத்தில் கல்லையும் கள்ளிச்செடியையும் நட்டார்கள். எந்த ஊரின் எல்லைக்கு மேற்கு, எந்த வாய்க்காலுக்குத் தெற்கு என்று ஏடு ஏடாக விவரிக்கிறது. கடல் கடந்த அரசன் ஒருவனின் பௌத்தப் பள்ளிக்குச் சைவ அரசன் கொடுத்த கொடை, சுற்றுப்புற ஊர்க்காரர்களின் காலடிகளால் நிலத்தில் எழுதப்பட்டது. சர்வேயரின் மகளாக இந்த வரிகளைப் படிக்கும்போது எனக்கு உடல் சிலிர்க்கும்.

ஆனால் நடந்து வகுத்த எல்லை என்பதாலேயே அதை நான் கொண்டாடிவிட மாட்டேன். இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள் ஊர்களை அளந்து, வரி நீக்கிய இடங்களைப் பட்டியல் போடுகின்றன: ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு. ஊர் தனி, சேரி தனி. அந்த உள்ளெல்லைக்குக் கல்லும் நடவில்லை, கள்ளியும் நடவில்லை. ஆனாலும் ஆயிரம் ஆண்டுகள் அது நகரவில்லை. எங்களுக்குக் கல்லைக் காட்டிய ஆயா, பங்காளிகள் தண்ணீர் குடித்த குடத்தின் பக்கம் வரவில்லை. 11 வயதில் நான் அதைப் பார்த்தேன். பார்த்ததை அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் மகள் வீட்டுக்குப் போனபோது வட இங்கிலாந்தில் ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரைப் பார்த்தேன். கி.பி. 122இல் தொடங்கிக் கட்டியது, நீளம் சுமார் 117 கிலோமீட்டர். காட்டுமிராண்டிகளைத் தடுக்கக் கட்டிய சுவர் என்று படித்திருந்தேன், அப்படித்தான் சொல்லிக்கொடுத்தும் இருந்தேன். அங்கே போனால் முதலில் கண்ணில் படுவது வாசல்கள். ஒரு ரோமானிய மைலுக்கு ஒரு சிறு கோட்டை, கோட்டைக்கொரு வாசல். யாரும் வரக்கூடாது என்று கட்டிய சுவரில் இத்தனை வாசல்கள் எதற்கு? வருகிறவர்களை எண்ணவும், போகிற சரக்குக்கு வரி வாங்கவும் சுவர் பயன்பட்டிருக்க வேண்டும்.

சுவரின் கிழக்கு முனைக்கு அருகே சவுத் ஷீல்ட்ஸ் என்ற ஊர் அருங்காட்சியகத்தில் ஒரு கல்லறைக் கல் இருக்கிறது. ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்திருக்கிறாள். மடியில் நூல் நூற்கும் கதிர், ஒரு பக்கம் நகைப்பெட்டி, மறுபக்கம் நூலுருண்டைக் கூடை. பெயர் ரெஜினா. தென் பிரிட்டனின் கட்டுவெல்லவுனி குலத்தில் பிறந்தவள், அடிமையாக இருந்து விடுவிக்கப்பட்டவள், 30 வயதில் இறந்துபோனாள். கல்லை நட்டவன் அவள் கணவன் பராட்டீஸ். அவன் ஊர் சிரியப் பாலைவனத்துப் பால்மைரா. மேலே இலத்தீனில் முறைப்படி எல்லாம் எழுதியிருக்கிறது. கீழே ஒரே ஒரு வரி அவனுடைய தாய்மொழியில், பால்மைரா எழுத்தில்: 'ரெஜினா, பராட்டீஸ் விடுவித்தவள், ஐயோ.' அந்தக் குளிர்க் கடற்கரையில் அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? தனக்காகத்தான் எழுதியிருப்பான். பேரரசின் நடுவே இவர்கள் இருவரும் சந்தித்திருக்க வழியில்லை. ஓரத்தில்தான் இப்படி நடக்கும். அந்தக் கல்லின் முன் நெடுநேரம் நின்றேன்.

இனி நம் நாட்டுக் கதை ஒன்று. நம் பாடநூல்களில் இதற்கு இரண்டு வரிகூடக் கிடையாது என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இந்தியாவின் குறுக்கே ஒரு முள்வேலி வளர்த்தார்கள். உப்புக்காக. வங்காள மாகாணத்தில் உப்பு வரி மிக அதிகம், சென்னையிலும் பம்பாயிலும் குறைவு. ராஜபுதனத்துச் சம்பார் ஏரி உப்பு, சுதேச சமஸ்தானங்களின் கையில் இருந்தது. மலிவான உப்பு மேற்கிலிருந்து கிழக்கே போய்விடாமல் தடுக்கச் சுங்கச் சாவடிகள் போட்டார்கள், பிறகு சாவடிகளை ஒரு கோடாக இணைத்தார்கள். 1869இல் அந்தச் சுங்கக்கோடு சிந்து நதியிலிருந்து மகாநதி வரை 2,300 மைல் நீண்டது, அதைக் காக்க ஏறக்குறைய 12,000 பேர் இருந்தார்கள் என்று அப்போதைய உயர் அதிகாரி ஜான் ஸ்ட்ராச்சி பதிவு செய்திருக்கிறார்.

முதலில் வெட்டிய முட்களைக் குவித்துத்தான் வேலி போட்டார்கள். கறையான் தின்றது, காற்று கொண்டுபோனது, தீப்பிடித்தது. மைலுக்கு நூறு டன்னுக்கும் மேற்பட்ட முள்ளை ஆண்டுதோறும் மாற்ற வேண்டியிருந்தது. 1867இல் சுங்க ஆணையராக வந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம், செத்த முள்ளுக்குப் பதிலாக உயிர்வேலி வளர்க்க முனைந்தார். கருவேலம், இலந்தை, களா, சப்பாத்திக்கள்ளி, திருகுகள்ளி என்று அந்தந்த மண்ணுக்கு எது வருமோ அதைச் சோதித்து நட்டார்கள். களர் நிலத்தில் வேறு மண் கொட்டினார்கள். வறண்ட இடத்தில் கிணறு வெட்டினார்கள். நன்றாக வளர்ந்த இடங்களில் வேலி பத்தடிக்கு மேல் உயர்ந்து, ஆடுகூட நுழைய முடியாதபடி அடர்ந்தது. இந்த ஹியூம்தான் 1885இல் இந்திய தேசியக் காங்கிரஸைத் தொடங்கக் காரணமாக இருந்தவர். ஒரே மனிதரின் வாழ்க்கையில் இந்த இரண்டும் எப்படிச் சேர்ந்தன என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

வேலியின் கதையில் பெரும்பாலும் அதன் நீளத்தையே பேசுகிறார்கள். நான் நினைப்பது அதன் இரு பக்கத்து ஊர்களை. வீடு இந்தப் பக்கம், மேய்ச்சல் நிலம் அந்தப் பக்கம். பெண் கொடுத்த ஊர் அந்தப் பக்கம், பிறந்த ஊர் இந்தப் பக்கம். சில மைலுக்கு ஒரு வாசல், அங்கே மடியைச் சோதிக்கும் காவலன். சொற்பச் சம்பளத்துக்கு இரவெல்லாம் ரோந்து நடந்த அந்தக் காவலனும் அக்கம்பக்கத்து ஏழைதான். உப்பு மூட்டையை வேலிக்கு மேல் வீசி மறுபக்கம் பிடித்தார்கள், மாடுகளையும் ஒட்டகங்களையும் முட்டவிட்டு வேலியைக் கிழித்தார்கள், பிடிபட்டுச் சிறைக்குப் போனார்கள். கால்நடைக்கும் மனிதனுக்கும் உயிர்நாடியான ஒரு பிடி உப்புக்காக ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் குற்றவாளிகள் ஆனார்கள். சோழநாட்டு நாட்டார் நட்ட கள்ளி, இன்ன ஊர் இங்கே முடிகிறது என்று வழிப்போக்கனுக்குச் சொன்னது. கும்பினியார் விட்டுப்போன வேலையைத் தொடர்ந்தவர்கள் நட்ட கள்ளி, அதே பெயர், ஏழையின் சோற்றுக்கும் உப்புக்கும் நடுவே நின்றது.

சம்பார் ஏரியை ஜெய்ப்பூர், ஜோத்பூர் அரசர்களிடமிருந்து 1870இல் குத்தகைக்கு எடுத்ததும் உப்பு விளையும் இடமே ஆங்கிலேயர் கைக்கு வந்துவிட்டது. பிறகு வேலி எதற்கு? 1879 ஏப்ரல் 1ஆம் தேதி அதைக் கைவிட்டார்கள். வேலி போனதை நல்ல செய்தியாகச் சொல்வார்கள். வரி விகிதங்களை நெருக்கமாகக் கொண்டுவருவதற்காக வங்காளத்தில் சற்றுக் குறைத்தார்கள், சென்னை மாகாணத்தில் ஏற்றினார்கள். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் எங்கள் தென்னாட்டைச் சூறையாடி முடித்த நேரம் அது. வட இந்தியாவில் பிடுங்கிய முள் எங்கள் கடற்கரையில் தைத்தது. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்துபோய் உப்பு எடுத்தாரே, அந்த உப்புச் சத்தியாகிரகத்தின் வேர்களில் ஒன்று இங்கேயும் இருக்கிறது. நடப்பவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சை ஆட்சியர் அறிவித்திருந்தார். எங்கள் வட்டாரத்து மக்கள் சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டதாகப் பாட்டி சொல்லியிருக்கிறார்.

முள்வேலியையாவது யாரோ நடந்து நட்டார்கள். 1947இல் அதுவும் இல்லை. சிரில் ராட்கிளிஃப் என்ற லண்டன் வழக்கறிஞர் ஜூலை 8ஆம் தேதி இந்தியாவுக்கு வந்தார். அதற்கு முன் அவர் இந்த நாட்டைப் பார்த்ததில்லை. ஐந்தே வாரத்தில் பஞ்சாபையும் வங்காளத்தையும் வரைபடத்தில் பிரித்தார். விடுதலை கிடைத்து இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 17ஆம் தேதிதான் கோடு எங்கே போகிறது என்று மக்களுக்குத் தெரிந்தது. பிறகு நடந்த சாவுகளை நான் இங்கே எழுதப் போவதில்லை, பலர் எழுதியிருக்கிறார்கள். சர்வேயர் மகளுக்கு ஒன்று மட்டும் நெஞ்சில் நிற்கிறது: கோடு போட்டவர் தரையில் நடக்கவில்லை, எந்த ஆயாவிடமும் கேட்கவில்லை.

வங்காளத்துக் கோட்டின் வடக்கு மூலையில் கூச் பிகார் இருக்கிறது. அங்கே 'சிட்மஹல்' என்ற ஊர்கள் இருந்தன. 'சிட்' என்றால் துண்டுச் சீட்டு. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூச் பிகார் அரசருக்கும் முகலாயருக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையில், ஒருவர் நிலத்துக்குள் மற்றவருக்கு வரி செலுத்தும் துண்டு ஊர்கள் தங்கிவிட்டன. அரசர்கள் சதுரங்கத்தில் ஊர்களைப் பணயம் வைத்து ஆடினார்கள் என்று அங்கே ஒரு கதை உண்டு. அந்தக் காலத்தில் இதனால் யாருக்கும் பெரிய தொல்லை இல்லை. வரியை இந்தக் கச்சேரியில் கட்டுவதற்குப் பதில் அந்தக் கச்சேரியில் கட்டினார்கள், அவ்வளவுதான். 1947க்குப் பிறகு அதே ஊர்கள் அந்நிய நாட்டுக்குள் சிக்கிய தீவுகள் ஆயின. வங்கதேசத்துக்குள் 111 இந்தியத் துண்டுகள், இந்தியாவுக்குள் 51 வங்கதேசத் துண்டுகள். இந்தியத் துண்டுக்குள் வங்கதேசத் துண்டு, அதற்குள் மறுபடி ஓர் இந்தியத் துண்டு என்றுகூட ஓரிடம் இருந்தது. ஒன்றே முக்கால் ஏக்கர்கூட இல்லாத சணல் வயல் அது.

அங்கே வாழ்ந்தவர்களுக்கு வாக்குரிமை இல்லை, மின்சாரம் இல்லை, திருட்டு நடந்தால் வருவதற்குக் காவலர் இல்லை. சொந்த நாட்டுக்குப் போகக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டு வாங்கச் சொந்த நாட்டுக்குப் போக வேண்டும். பிள்ளையைப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் சேர்க்க, அந்த ஊர்க்காரர் ஒருவரைத் தகப்பன் என்று எழுதிக்கொடுத்தார்கள். பிரசவத்துக்கு மருத்துவமனைக்குப் போன பெண்கள் வேறொருவரைக் கணவன் என்று சொன்னார்கள். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வகுப்பில் பெயர் கூப்பிடும்போது வேறு ஒருவரின் பெயரை முதலெழுத்தாகச் சுமந்து 'உள்ளேன் ஐயா' என்று எழுந்து நிற்கும் குழந்தையை நான் நினைத்துக்கொண்டே கிடந்தேன்.

இரு நாடுகளும் 1974இலேயே நிலங்களை மாற்றிக்கொள்ள உடன்படிக்கை செய்தன. நிறைவேறியது 2015 ஜூலை 31 நள்ளிரவில். 51,000க்கும் மேற்பட்டோர் அந்த இரவில் ஒரு நாட்டின் குடிமக்கள் ஆனார்கள். 68 ஆண்டுகளுக்கு 68 மெழுகுவர்த்திகள் ஏற்றினார்கள். இந்தியாவுக்குள் இருந்த வங்கதேசத் துண்டுகளில் வாழ்ந்த சுமார் 14,000 பேரும் இருந்த இடத்திலேயே இந்தியர்களாக இருக்க விரும்பினார்கள். வங்கதேசத்துக்குள் இருந்த இந்தியத் துண்டுகளிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் பேர் மட்டும் இந்தியாவுக்கு வந்தார்கள். நாடு எது என்று கேட்டபோது மிகப் பலர் தங்கள் கிணற்றையும் மூங்கில் புதரையும் காட்டினார்கள் என்றுதான் இந்த எண்களை நான் புரிந்துகொள்கிறேன்.

கடலில் இது இன்னும் கடினம். "கடலில் கல்லை எங்கே நடுவது?" என்று கோடியக்கரையில் நின்று அப்பா ஒருமுறை கேட்டார். 1974 ஜூன் மாத ஒப்பந்தம் பாக் நீரிணையில் கோடு போட்டது. 285 ஏக்கர் கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது. நம் மீனவர்களும் பயணிகளும் விசா இல்லாமல் தீவுக்குப் போய்வரலாம் என்றும், இரு நாட்டுப் படகுகளுக்கும் மரபாக இருந்துவந்த உரிமைகள் தொடரும் என்றும் அதில் எழுதியிருந்தது. 1976 மார்ச் மாத ஒப்பந்தத்தோடு பரிமாறிக்கொண்ட கடிதங்கள் ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிப்பதை மூடிவிட்டன. அன்றுமுதல் நம் மீனவர்கள் பட்ட அடியும் சிறையும் உயிரிழப்பும் நமக்குத் தெரியும். அந்தக் கரையில் இருப்பவர்களும் தமிழ் மீனவர்களே. போரில் எல்லாம் இழந்து மறுபடி வலை வாங்கிய அவர்களுடைய வலைகளை நம் இழுவைப் படகுகள் கிழித்துக்கொண்டு போவதையும் நாம் சொல்லத்தான் வேண்டும். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு மட்டும் இரு கரையினரும் வந்து கூடுகிறார்கள். கொண்டுவந்த சோப்பும் பலகாரமும் கை மாறுகின்றன. மற்ற நாட்களில் அவர்களை ஒரே மேசையில் உட்காரவைத்துக் கோட்டைப் பற்றிப் பேசவிட்டால், தலைநகரங்களில் இருப்பவர்கள் போட்டதைவிட நல்ல வழி கிடைக்கும் என்று நான் நம்புகிறேன்.

எல்லைப்புறம் என்றால் சுதந்திரம், திறந்த வெளி, புது வாழ்வு என்று நினைக்கிறவர்களும் உண்டு. 1893இல் ஃபிரெடெரிக் ஜாக்சன் டர்னர் என்ற இளம் வரலாற்றாசிரியர், மேற்கே நகர்ந்துகொண்டே போன எல்லைப்புறத்தில் கிடைத்த வெற்று நிலமே அமெரிக்கக் குணத்தை உருவாக்கியது என்று சிகாகோவில் வாதிட்டார். 1890 மக்கள்தொகைக் கணக்கு, இனி எல்லைப்புறம் என்று தனியே ஒரு கோடு இல்லை என்று அறிவித்திருந்தது. அதே 1890 டிசம்பரில் வூண்டட் நீ என்ற ஓடைக்கரையில் லகோட்டா என்ற பழங்குடி மக்கள் 150 பேருக்கு மேல், பெண்களும் குழந்தைகளுமாக, அமெரிக்கப் படையால் கொல்லப்பட்டார்கள். வெற்று நிலம் என்று எழுதியவர்களின் ஏட்டில் அவர்கள் இல்லை.

வெற்று நிலம் என்பதற்கு எங்கள் வருவாய்த் துறையில் ஒரு சொல் உண்டு. புறம்போக்கு. தீர்வைக் கணக்குக்குப் புறத்தே போனது. ஏரிப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு, களம் புறம்போக்கு. யாருக்கும் சொந்தமில்லை என்று பதிவேடு சொல்லும் இடத்தில்தான் நிலமில்லாத எல்லோரும் வாழ்ந்தார்கள். அப்பா ஒருமுறை ஆக்கிரமிப்பு அளக்கப் போன இடத்தில், நேர்கோடு பிடித்தபோது கொடி ஒரு குடிசையின் அடுப்புமேல் விழுந்தது. அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. அறிக்கை எழுதாமல் நான்கு நாள் வைத்திருந்தார். பிறகு எழுதினார். அந்த வருத்தம் கடைசிவரை அவரைவிட்டுப் போகவில்லை.

கல்லைக் காட்டிய ஆயாவும் புறம்போக்கில் இருந்தவர்தான். கல் கிடைத்த அன்று, பங்காளிகள் அடங்கிப் போனபிறகு, அப்பா அவரிடம் "உங்கள் வீடு எது ஆயா?" என்று கேட்டார். அவர் வாய்க்கால் கரையைக் காட்டினார். பூவரச மரத்துக்கு அடியில் ஐந்தாறு குடிசைகள். அப்பா புலப்படத்தை விரித்தார். அங்கே இரண்டு கோடுகளும் நடுவே 'வாய்க்கால்' என்ற எழுத்தும் மட்டுமே இருந்தன. சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்துத் தன் அளவுக் குறிப்பேட்டில் ஒரு சின்னச் சதுரம் போட்டார். "துறைக்குப் போகும் படத்தில் இது வராது பாப்பா" என்றார் என்னிடம்.

போன ஆண்டு, அப்பா இறந்து இரண்டு மாதம் கழித்து, அந்தச் சர்வே எண்ணுக்கான புலப்படத்தை இணையத்தில் எடுத்து அச்சிட்டுக்கொண்டு அங்கே போனேன். கல் இருந்த மூலை சரியாகக் குறிக்கப்பட்டிருந்தது. வாய்க்கால் கரையில் இரண்டு கோடுகள் அப்படியே இருந்தன. பூவரசு இன்னும் நின்றது. குடிசைகளுக்குப் பதில் ஓட்டு வீடுகள். ஆயாவின் பேத்தி, என்னைவிடப் பத்து வயது இளையவர், வாசலில் வேலிக்காகக் கிளுவைப் போத்துகளை நட்டுக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னேன். கையிலிருந்த காகிதத்தை நீட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்க்கவில்லை.

"வாருங்கள் அக்கா, காட்டுகிறேன்" என்று எழுந்து முன்னால் நடந்தார். "இந்தப் பூவரசிலிருந்து அந்த மடைவரைக்கும். அங்கிருந்து பாட்டி நட்ட முருங்கை. அப்புறம் இப்படித் திரும்பினால் எங்கள் ஆட்டுக்கொட்டகை." நட்ட போத்துகளின் அடியில் மண் ஈரமாக இருந்தது. அவற்றை மிதித்துவிடாமல் அவர் பின்னால் நடந்தேன்.